கட்டற்ற மென்பொருள்: உரிமத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது?

நிரல் எழுதுகிறவர்கள் பலர் நாள் முழுக்கத் திறந்தே வைத்திருக்கும் கருவி மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோட். அது ஓப்பன் சோர்ஸ்தானே என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். அதன் மூலநிரல், அதாவது நிரலாளர்கள் எழுதிய வரிகள், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில், ஏறக்குறைய எதையும் செய்ய அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் கிடைப்பது உண்மை. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நாம் தரவிறக்கி நிறுவும் கோப்பு அந்த உரிமத்தில் வருவதில்லை. அந்த மூலநிரலோடு மைக்ரோசாஃப்டின் சின்னங்கள், பயன்பாட்டுத் தகவலைத் திரட்டி அனுப்பும் பகுதி, கூடுதல் வசதி தரும் நீட்சிகளுக்கான சந்தையின் இணைப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, வேறொரு உரிமத்தில் வெளியிடுகிறார்கள். அந்த உரிமத்தின்படி அதை இன்னொருவருக்குப் பகிரவோ வாடகைக்கு விடவோ கூடாது. பைதான் எழுதுவோர் கூடவே நிறுவிக்கொள்ளும் பைலான்ஸ் நீட்சியின் மூலநிரல் வெளியிலேயே இல்லை. அதே எம்ஐடி மூலநிரலை மட்டும் எடுத்துக் கட்டிய விஎஸ்கோடியம் என்ற பதிப்பும் இருக்கிறது. அதைத் தாராளமாகப் பகிரலாம். ஆனால் மைக்ரோசாஃப்டின் நீட்சிச் சந்தையை அதில் பயன்படுத்த அந்தச் சந்தையின் விதிகள் இடம் தருவதில்லை. எனவே எக்ளிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸ் களஞ்சியத்திலிருந்து அது நீட்சிகளை எடுக்கிறது.

திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும், இரண்டுக்கும் விலை இல்லை. ஒன்று கட்டற்ற மென்பொருள், மற்றது அல்ல. கட்டற்ற மென்பொருளைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. விலையைப் பார்க்கிறோம், நிரல் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறோம், தயாரித்தவரின் நற்பெயரைப் பார்க்கிறோம். நம் கையில் வந்து சேர்ந்த அந்தப் பிரதி எந்த உரிமத்தோடு வந்தது என்பதைப் பார்ப்பதில்லை. உரிமை முழுவதும் அந்தப் பிரதியோடு வரும் உரிமத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார், 1985-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த அறக்கட்டளையின் வரையறைப்படி ஒரு மென்பொருளைப் பெற்றவருக்கு நான்கு உரிமைகள் இருக்க வேண்டும்: எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், மூலநிரலைப் படித்துத் தனக்கேற்ப மாற்றலாம், பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், தான் மாற்றியதையும் பிறருக்குக் கொடுக்கலாம். நான்கில் ஒன்று குறைந்தாலும் அது கட்டற்ற மென்பொருள் ஆகாது. 1998-ல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை உருவாக்கும் குழுவின் வழிகாட்டு விதிகளை அடியொற்றித் தன் வரையறையை அமைத்தது. இரு தரப்புக்கும் கொள்கை விளக்கத்தில் வேறுபாடு உண்டு என்றாலும், ஏற்றுக்கொள்ளும் உரிமங்கள் பெரும்பாலும் ஒன்றே.

"எந்த நோக்கத்துக்கும்" என்பதில்தான் நல்ல மனம் படைத்தவர்கள் தடுக்கி விழுகிறார்கள். "கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும்", "வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்தால் சமூகத்துக்கு இன்னும் நல்லது செய்ததாக நினைக்கிறார்கள். அந்த ஒரு வரி மென்பொருளைக் கட்டற்ற வகையிலிருந்து வெளியே தள்ளிவிடும். ஜேசன் உரிமம் என்று ஒன்று உண்டு. எம்ஐடி உரிமத்தை அப்படியே எடுத்து, மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்ற வரியை மட்டும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அந்த வரிக்காகவே அறக்கட்டளை அதைக் கட்டற்றதல்லாத உரிமங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. எது நன்மை என்பதை யார் தீர்மானிப்பது என்று தெரியாத நிபந்தனையை நம்பி யாரும் எதையும் கட்டி எழுப்ப முடியாது. மெட்டாவின் லாமா செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை எல்லோரும் ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். ஆனால் மாதம் 70 கோடிப் பயனர்களுக்கு மேல் கொண்ட நிறுவனங்கள் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்று லாமா 2, 3 வரிசைகளின் உரிமம் சொல்கிறது. அப்படிப்பட்ட நிறுவனங்கள் உலகில் சிலதான். ஆனாலும் விதி விதிதான்.

காசு வாங்கலாமா?

வாங்கலாம். எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். குனூ திட்டத்துக்காக ஸ்டால்மன் எழுதிய பொது உரிமம்தான் ஜிபிஎல். அந்த உரிமத்தில் வரும் நிரலையோ அதன் மாற்றிய வடிவத்தையோ பிறருக்குக் கொடுப்பவர், அதே உரிமைகளையும் மூலநிரலையும் சேர்த்துத் தர வேண்டும். அதன் மூன்றாம் பதிப்பின் நான்காம் பிரிவு, ஒவ்வொரு பிரதிக்கும் எந்த விலையும் வைக்கலாம், விலையே வைக்காமலும் கொடுக்கலாம் என்று நேரடியாகச் சொல்கிறது. ஸ்டால்மன் 1985 வாக்கில் ஈமாக்ஸ் என்ற உரைதிருத்தியைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார்.

விற்கக் கூடாது என்ற நிபந்தனை எப்படித் திருப்பி அடிக்கும் என்பதற்கு லினக்ஸ் இயங்குதளமே சாட்சி. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டபோது அதில் ஜிபிஎல் இல்லை, தன் சொந்த உரிமத்தைத்தான் போட்டிருந்தார். அதைப் பகிர்வதற்குக் காசு வாங்கக் கூடாது என்பது அதன் விதி. நெகிழ்வட்டில் படியெடுத்து அனுப்புகிறவருக்கு வட்டின் விலையும் தபால் செலவும் வேண்டாமா? அந்தச் செலவைக்கூட வாங்க முடியாது என்றால் இணைய இணைப்பு இல்லாதவர்களிடம் லினக்ஸ் போய்ச் சேரும் வழியே இல்லை. 1992 தொடக்கத்தில் 0.12 பதிப்பை ஒட்டி அவர் ஜிபிஎல்லுக்கு மாறினார். ஐபிஎம் 2019-ல் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ரெட் ஹேட் நிறுவனம் லினக்ஸை வைத்து வளர்ந்தது இந்த மாற்றம் திறந்துவிட்ட பாதையில்தான்.

நம் ஊரில் இணையதளம் செய்துகொடுத்துப் பிழைக்கும் பலரை இந்த விஷயம் நேரடியாகத் தொடும். இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ், ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது என்ற உரிமத்தில் வருகிறது. அதற்கு எழுதும் வார்ப்புருக்களின் பிஎச்பி நிரல் வேர்ட்பிரஸிலிருந்து பிறந்த வழிப்படைப்பு, எனவே அதற்கும் ஜிபிஎல் பொருந்தும், படங்களும் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கோப்புகளும் அப்படி அல்ல என்று 2009-ல் வேர்ட்பிரஸ் தரப்பு பெற்ற சட்டக் கருத்து சொல்கிறது. ஆகவே பணம் கொடுத்து வாங்கிய ஜிபிஎல் செருகுநிரலை இன்னொரு வாடிக்கையாளரின் தளத்தில் நிறுவுவது திருட்டு அல்ல, உரிமம் அதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. அனுமதிக்காதவை வேறு: விற்பவரின் பெயரையும் சின்னத்தையும் தன்னுடையவைபோலப் பயன்படுத்துவது, ஒரு தளத்துக்கு வாங்கிய உரிமச் சாவியால் பத்துத் தளங்களுக்குப் புதுப்பிப்பு இறக்குவது, ஜிபிஎல்லில் இல்லாத படங்களைச் சேர்த்துக் கொடுப்பது. விற்பவர் காசு வாங்குவது புதுப்பிப்புக்கும் உதவிக்கும்தான். உரிமச் சாவியின் பூட்டை உடைத்து "நல்டு" என்ற பெயரில் கிடைக்கும் கோப்புகளின் உண்மையான ஆபத்து, பூட்டை உடைத்தவர் உள்ளே எதைச் செருகினார் என்று நமக்குத் தெரியாது என்பது. புதுப்பிப்பும் வராததால் ஒரு பாதுகாப்புக் குறை வெளிவந்தால் தளம் அப்படியே திறந்து கிடக்கும்.

எப்போது, யாருக்கு மூலநிரல் தர வேண்டும்?

ஜிபிஎல்லைத் தொட்டாலே நிறுவனத்தின் நிரல் முழுவதையும் ஊருக்குத் திறந்து காட்ட வேண்டும் என்ற பயம் இன்னும் பல அலுவலகங்களில் இருக்கிறது. ஜிபிஎல் நிரலை எடுத்து, மாற்றி, உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே பயன்படுத்தினால் யாருக்கும் எதுவும் காட்ட வேண்டியதில்லை. கடமை பிறப்பது பிரதியை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது மட்டும்தான். வாடிக்கையாளருக்கு ஒரு பில்லிங் செயலியைச் செய்து அவர் கணினியில் நிறுவினால் அது விநியோகம். மூலநிரலைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதே செயலியை உங்கள் சர்வரில் வைத்து, அவர் உலாவி வழியாகப் பயன்படுத்தினால் சாதாரண ஜிபிஎல்லின் கணக்கில் அது விநியோகம் ஆகாது.

இந்த இரண்டாவது நிலைக்காக 2007 நவம்பரில் வந்ததுதான் ஜிபிஎல்லின் இன்னொரு வடிவமான குனூ ஏஜிபிஎல். அதன் 13-ஆம் பிரிவு, மென்பொருளை மாற்றி வலையில் இயக்கினால் அதைப் பயன்படுத்துவோருக்கு மூலநிரல் பெறும் வழியைக் காட்ட வேண்டும் என்கிறது. மாற்றாமல் அப்படியே இயக்கினால் அந்தப் பிரிவின்படி கடமை எதுவும் இல்லை. பலர் இந்த "மாற்றினால்" என்ற சொல்லைப் படிக்காமலே ஏஜிபிஎல் மென்பொருளை ஒதுக்கிவிடுகிறார்கள்.

யாருக்குத் தர வேண்டும் என்பதும் நாம் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் மூன்றாம் பிரிவில் இருக்கும் முக்கிய வழிகள் இரண்டு. பிரதியோடு மூலநிரலையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். அப்படிச் செய்தால் வாங்கியவரோடு கணக்கு முடிந்தது. அல்லது, கேட்டால் தருகிறோம் என்று எழுத்தில் உறுதி கொடுக்கலாம். அந்த உறுதி குறைந்தது மூன்று ஆண்டு செல்லும், அதோடு வாங்கியவருக்கு மட்டுமல்ல, கேட்கும் எவருக்கும் தர வேண்டும். படியெடுத்து அனுப்ப ஆகும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. காகிதத்தில் ஒரு வரி எழுதினால் போதும் என்று இரண்டாவது வழியைப் பிடிக்கும் நிறுவனங்கள், மூன்று ஆண்டு கழித்தும் அந்தக் குறிப்பிட்ட பதிப்பின் நிரலை எடுத்துக் கொடுக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகின்றன. முதல் வழிதான் எளிது, மலிவும்கூட.

"மூலநிரல்" என்றால் சி கோப்புகள் மட்டும் அல்ல. நிரலை இயங்கும் கோப்பாகத் தொகுப்பதையும் நிறுவுவதையும் கட்டுப்படுத்தும் கட்டளைக் கோப்புகளும் சேர்த்துத்தான் என்று இரண்டாம் பதிப்பே சொல்கிறது. நடைமுறையில் தவறு நடப்பது இங்கேதான். லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலின் தளத்துக்கு ஒரு சுட்டியைக் கொடுத்துவிட்டு மூலநிரல் கொடுத்தாயிற்று என்பார்கள். சாதனத்தில் ஓடுவதோ அவர்கள் மாற்றிய பதிப்பு. மாற்றிய கோப்புகளைக் கொடுத்தாலும் அமைவுக் கோப்பு இருக்காது, எந்தப் பதிப்புத் தொகுப்பியில் கட்டினார்கள் என்ற குறிப்பு இருக்காது. நல்ல சோதனை ஒன்றுதான்: கொடுக்கப்போகும் பொட்டலத்தை எதுவும் நிறுவாத கணினி ஒன்றில் பிரித்து, அதில் உள்ள குறிப்புகளை மட்டும் வைத்துக் கட்டிப் பார்க்க வேண்டும். சாதனத்தில் இயங்கும் நிரல் வெளியே வந்தால் சரி.

இதெல்லாம் காகிதத்தில் மட்டும் இருக்கும் விதிகள் அல்ல என்பதற்கு லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டரின் கதையைப் பார்க்க வேண்டும். 2003 மார்ச்சில் சிஸ்கோ 50 கோடி டாலருக்கு லிங்க்சிஸை வாங்குவதாக அறிவித்தது. அந்த ஆண்டு ஜூனில் அந்த ரவுட்டருக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்து, மூலநிரல் எங்கே என்று கேட்டார்கள். சிப் பிராட்காமுடையது. சாதனத்தைச் செய்தது தைவானின் சைபர்டேன். அதில் தன் பெயர் ஒட்டி விற்றது லிங்க்சிஸ், லிங்க்சிஸை வாங்கியது சிஸ்கோ. மேலிருப்பவர் கீழிருப்பவரிடம் உரிமம் என்ன என்று கேட்காததால் கடமை கைமாறிக் கைமாறி, கடைசியில் சாதனத்தை விற்றவர் தலையில் விடிந்தது. ஜிபிஎல் சட்டப்படி நிற்பது இப்படித்தான்: விநியோகிப்பவர் எவரோ அவரே பொறுப்பு, சப்ளையர் சொல்லவில்லை என்பது காரணமாகாது.

சில வாரங்களில் மூலநிரல் வெளிவந்தது. வைஃபை சிப்பை இயக்கும் பிராட்காம் பகுதி மட்டும் மூலநிரல் இல்லாத இருமக் கோப்பாகவே இருந்தது. வெளிவந்ததை அடித்தளமாக வைத்து 2004-ல் ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது, இன்று ஏராளமான ரவுட்டர் மாடல்களில் அது இயங்குகிறது. 2005-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் நிறுவனம் லினக்ஸை விட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்துக்கு மாறி, ஃபிளாஷ் நினைவகத்தை 4 எம்பியிலிருந்து 2 எம்பியாகவும் ரேமை 16-லிருந்து 8 எம்பியாகவும் குறைத்தது. ஆனால் லினக்ஸ் பதிப்பைத் தேடி வாங்கும் ஆட்கள் இருந்ததால் அதை டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் தனியாக விற்க வேண்டிவந்தது. அது பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. மற்ற லிங்க்சிஸ் சாதனங்களிலும் சிக்கல் தொடர்ந்ததால் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. 2009 மேயில் சமரசம் ஆனது: உரிமங்களை ஒழுங்காகப் பின்பற்றுவதைக் கண்காணிக்க ஒரு பொறுப்பாளரை நியமிக்க சிஸ்கோ ஒப்புக்கொண்டது, அறக்கட்டளைக்கு ஒரு தொகையும் கொடுத்தது.

மீறினால் என்ன ஆகும் என்பதில் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு உண்டு. இரண்டாம் பதிப்பில் மீறிய உடனே உரிமம் தானாகவே போய்விடும், திரும்பக் கிடைக்கும் வழியை அது சொல்வதில்லை. மூன்றாம் பதிப்பு இதை மென்மையாக்கியது: முதன்முறை தவறியவர், அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் நிரந்தரமாகத் திரும்பும். தெரியாமல் தவறிய சிறு நிறுவனங்களுக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஜிபிஎல் கருவியால் செய்த பொருளும் ஜிபிஎல் ஆகிவிடும் என்ற பயத்துக்கு அடிப்படையே இல்லை. கிம்ப் என்ற படக் கருவியில் வரைந்த படம் உங்களுடையது, ஈமாக்ஸில் எழுதிய கதை உங்களுடையது. ஜிசிசி என்ற தொகுப்பியில் தொகுத்த நிரலில் ஜிசிசியின் சில நூலகத் துண்டுகள் சேர்வது உண்மை. அதற்கென்றே விதிவிலக்கு ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

உரிமமே இல்லாத நிரல்

கிட்ஹப்பில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கிடக்கும் நிரலை எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதுதான் மிகப் பரவலான தவறு, மிக ஆபத்தானதும்கூட. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் கணக்கில் கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. எழுதிய கணமே, பதிவு செய்யாமலே, எந்த முத்திரையும் இல்லாமலே அதற்குப் பதிப்புரிமை வந்துவிடும். எழுதியவர் காலமான பின்னும் 60 ஆண்டு நீடிக்கும். உரிமக் கோப்பு இல்லை என்றால் எந்த அனுமதியும் இல்லை என்றே பொருள். பொதுவில் வைத்த நிரலைப் பார்க்கவும், கிட்ஹப்புக்குள்ளேயே தனிப் பிரதியாகக் கிளை எடுக்கவும் கிட்ஹப்பின் விதிகள் இடம் தருகின்றன. அதற்கு அப்பால் ஒன்றும் தருவதில்லை.

கட்டற்ற மென்பொருளுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். பதிப்புரிமை இருப்பதால்தான் ஜிபிஎல்லின் நிபந்தனைகளுக்குப் பல் முளைக்கிறது. 2008-ல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாதிரி ரயில்களை இயக்கும் ஜேஎம்ஆர்ஐ மென்பொருள் வழக்கில் இதையே சொன்னது: காசு வாங்காமல் கொடுத்தாலும் உரிமத்தின் நிபந்தனைகளை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகலாம். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைப் போல உரிமையையே முழுதாகத் துறந்து பொதுக்களத்தில் விட்டவை உண்டு. அவை விதிவிலக்கு.

தமிழ் எழுத்துருக்களில் இந்தக் குழப்பத்தின் விளைவைத் தினமும் பார்க்கலாம். தரவிறக்கத் தளங்களில் குவிந்து கிடக்கும் எழுத்துருக்களில் பலவற்றோடு உரிமக் கோப்பே வருவதில்லை. புத்தகம் அச்சிடுபவர், செயலிக்குள் எழுத்துருவைப் பொதிப்பவர் ஆகியோர் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் போன்றவை ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருகின்றன. புத்தகத்தில் பயன்படுத்தலாம், செயலியில் பொதிக்கலாம், மாற்றலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது, வேறொரு மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். உருவாக்கியவர் எழுத்துருவின் பெயரைத் தனக்கென ஒதுக்கி வைத்திருந்தால், மாற்றிய பதிப்புக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கவனிக்காமல், ஓர் எழுத்தின் வளைவைத் திருத்தி அதே பெயரில் வெளியிட்டுச் சிக்கிக்கொள்வோர் உண்டு.

உங்கள் நிரலைக் கட்டற்றதாக வெளியிட நினைத்தால், அதை வெளியிடும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேலையின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவரே. அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் நீங்கள் போடும் ஜிபிஎல்லுக்கு மதிப்பில்லை. அடுத்து, உரிமத்தின் முழு வாசகத்தையும் மாற்றாமல் களஞ்சியத்தின் மேல்மட்டத்தில் வையுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பதிப்புரிமை வரியோடு, "இரண்டாம் பதிப்பு மட்டும்" என்றோ "இரண்டாம் பதிப்பு அல்லது பிந்தையது" என்றோ தெளிவாக எழுதுங்கள். சின்ன வேறுபாடுபோலத் தோன்றும். ஆனால் அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ள நிரலை ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு சேர்க்கலாம், "இரண்டாம் பதிப்பு மட்டும்" என்பதோடு சேர்க்க முடியாது.

உரிமத்தைப் பின்னாளில் மாற்ற முடியுமா என்பதும் பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது, பழைய உரிமம் எதை அனுமதிக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. லினக்ஸ் கருநிரலின் உரிமையாளர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் அனைவரின் சம்மதமும் இல்லாமல் அதை இரண்டாம் பதிப்பிலிருந்து நகர்த்த இயலாது. சர்வர் கட்டமைப்பை நிர்வகிக்கும் கருவியான டெராஃபார்மை நடத்திய ஹாஷிகார்ப், உரிமத்தை மாற்ற இடம் தரும் ஒப்பந்தத்தைப் பங்களிப்போரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததால் 2023 ஆகஸ்டில் அதைக் கட்டற்றதல்லாத பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு ஒரே நாளில் மாற்ற முடிந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளும், எம்ஐடி போலவே தாராளமான பிஎஸ்டி உரிமத்தை விட்டது. மூலநிரல் அப்போதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதை வைத்துப் போட்டிச் சேவை நடத்த வழி இல்லாமல் போயிற்று. ஏற்கெனவே கட்டற்ற உரிமத்தில் வெளிவந்த பிரதிகளிலிருந்து அந்த உரிமையைத் திரும்பப் பிடுங்க முடியாது என்பதால், மாற்றத்துக்கு முந்தைய டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு பிறந்தது. ரெடிஸ் 7.2.4-லிருந்து வால்கீ பிறந்தது. இரண்டும் லினக்ஸ் அறக்கட்டளையின் குடைக்குள் வந்தன. ரெடிஸ் 2025 மேயில் தன் எட்டாம் பதிப்புக்கு ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது. வால்கீ பிஎஸ்டி உரிமத்திலேயே தொடர்கிறது.